காட்டுவதும் சொல்வதும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மொழி பற்றிய பொழிவுகளே வழக்கமாக நடக்கும் இந்த மேடையில் படங்களைப் பற்றிப் பேச இடம் தந்ததற்கு நன்றி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் காட்டும், ஆனால் அது எதையும் உறுதிப்படுத்தாது, எதையும் மறுக்காது. ‘இது இன்னது’, ‘இது இல்லை’, ‘இது நேற்று நடந்தது’, ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்பவையெல்லாம் வாக்கியத்தின் வேலை. அந்த வேலையைப் படம் செய்வதுபோல் நமக்குத் தோன்றும்போதெல்லாம் பக்கத்தில் எங்கோ ஒரு வாக்கியம் நின்றுகொண்டிருக்கிறது. எழுதப்பட்ட வாக்கியமாகவும் இருக்கலாம், ஊரே அறிந்த கதையாகவும் இருக்கலாம், பல ஆண்டுகள் பழகிய உடன்பாடாகவும் இருக்கலாம். அதைக் கவனிக்கத் தவறினால் படத்தின் வலிமையும் நமக்குப் புரியாது, அதைக் கொண்டு நம்மை ஏமாற்றும் வழியும் புரியாது.

நாம் எல்லோரும் கையாண்ட படங்களிலிருந்தே தொடங்குகிறேன். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றிருந்தவர்கள் 18 விழுக்காட்டுக்குச் சற்றே மேல். அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்களோ ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பேர். வேட்பாளரின் பெயரைப் படிக்க முடியாத கோடிக்கணக்கானோர் தம் விருப்பத்தைத் தவறில்லாமல் தெரிவிக்க வேண்டும். சுகுமார் சென் தலைமையில் இயங்கிய தேர்தல் ஆணையம் சின்னங்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின்மேல் அவருடைய சின்னம். வாக்காளர் தமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள், சோஷலிஸ்டுகளுக்கு ஆலமரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, ஜனசங்கத்துக்கு விளக்கு.

அந்தக் காளைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டு மாடுகள், ஒரு நுகத்தடி. அதில் காங்கிரஸ் எங்கே இருக்கிறது? விடுதலைப் போராட்டம் எங்கே, நேரு எங்கே, ‘எங்களுக்கு வாக்களியுங்கள்’ என்ற வேண்டுகோள் எங்கே? எதுவும் அதில் இல்லை. கூட்டத்தில் பேசியவர்களும் சுவரில் எழுதியவர்களும் தெருத்தெருவாகப் பாடிப் போனவர்களும் சில மாதங்களில் அந்த இரண்டு மாடுகளுக்கும் ஒரு கட்சியின் பெயரை ஏற்றிவைத்தார்கள். அதன்பின் அந்தப் படம் ஒரு பெயராக வேலை செய்தது. உருவத்தில் அது படம், தொழிலில் அது பெயர்ச்சொல். 1962 பொதுத் தேர்தலில், பெயரும் சின்னமும் ஒரே சீட்டில் அச்சாகி அதன்மேல் முத்திரை குத்தும் முறை நாடெங்கும் பரவலானபோது இது இன்னும் தெளிவாயிற்று. படிக்கத் தெரிந்தவர் இடப்பக்கத்துப் பெயரைப் பார்த்தார், படிக்கத் தெரியாதவர் வலப்பக்கத்துப் பெயரைப் பார்த்தார். இரண்டும் பெயர்களே.

உலகத்தின் மிகப்பெரிய மொழிச் சோதனைகளில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன். எழுத்து தெரியாதவர்கள் அரசியல் அறியாதவர்கள் என்று அன்று பேசிய பலருக்கு அந்த வாக்காளர்கள் பதில் சொன்னார்கள். ஒரு குறியைக் கற்று, நினைவில் வைத்து, பிறவற்றிலிருந்து வேறுபடுத்தி, தனியறையில் தாமாகவே பயன்படுத்தினார்கள். படிப்பு என்று நாம் சொல்வதன் உள்ளடக்கமும் இதுதானே.

ஆனால் படம் பெயராக மாறிய பிறகும் படமாக இருப்பதை விட்டுவிடுவதில்லை. ஆணையத்துக்கு இது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. மத உணர்வையோ நாட்டு உணர்வையோ தூண்டக்கூடிய பசு, கோயில், தேசியக்கொடி, ராட்டை போன்றவற்றை முதல் தேர்தலிலேயே தவிர்த்தார்கள். இருந்தும் 1969 பிளவுக்குப் பின் இரட்டைக் காளை முடக்கப்பட்டு, இந்திரா காந்தி தலைமையிலான காங்கிரஸ் பசுவும் கன்றும் சின்னத்தைப் பெற்றது. அது மதச் சின்னம் என்று வழக்குகள் எழுந்தன. உச்ச நீதிமன்றம் வரை போயின. மதச் சின்னம் அல்ல என்று தீர்ப்பானது. ஒரு பசு, ஒரு கன்று. அந்தப் படம் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அதன் பொருள் என்ன என்பதை வழக்கறிஞர்கள் வாதாடி, நீதிபதிகள் எழுதி முடிவு செய்ய வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இன்னொன்றையும் பார்க்கிறோம். 1989 சட்டமன்றத் தேர்தலில் அண்ணா தி.மு.க.வின் ஓர் அணிக்குச் சேவல், இன்னோர் அணிக்கு இரட்டைப் புறா. அன்று அவை இயல்பாகக் கிடைத்த சின்னங்கள். இன்று ஆணையம் புதிதாக விலங்கையோ பறவையையோ சின்னமாகத் தருவதில்லை. பிரசாரத்தில் உயிருள்ள விலங்குகளையும் பறவைகளையும் கொண்டுவந்து துன்புறுத்துகிறார்கள் என்ற புகார்களே காரணம். ஒரு கட்சியின் பெயரை யாரும் கூண்டில் அடைத்து ஊர்வலம் கொண்டுபோக முடியாது. அந்தப் பெயர் சேவலாக இருந்தால் முடியும். சொல்லுக்கும் சின்னத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பறவைகள் தம் உடலால் அனுபவித்தன.

கையையே எடுத்துக்கொள்வோம். ஐந்து விரலையும் விரித்து உயர்த்தினால் தி.மு.க. மேடையில் அது உதயசூரியனின் கதிர். 1978க்குப் பிறகு காங்கிரஸ் மேடையில் அதே கை, கைச் சின்னம். இரண்டு கட்சிகளும் ஒரே அணியில் நின்ற தேர்தல்களும் உண்டு, எதிரெதிரே நின்ற தேர்தல்களும் உண்டு. எதிரெதிரே நின்றபோதும் எந்த வாக்காளரும் குழம்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கை ஒன்றேதான், யார் உயர்த்துகிறார், எந்தக் கொடியின் கீழ் உயர்த்துகிறார் என்பதில் பொருள் இருந்தது. இரண்டு விரலைக் காட்டினால் இங்கே இரட்டை இலை. இரண்டாம் உலகப்போரின்போது சர்ச்சில் அதே இரண்டு விரலைக் காட்டியது வெற்றிக்கு.

படத்தால் செய்ய முடியாத ஒன்றைப் பற்றி இப்போது பேச வேண்டும். ‘இல்லை’ என்று அதனால் சொல்ல முடியாது. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், எந்த வேட்பாளரையும் ஏற்காதவர் அதைப் பதிவு செய்யவும் வழி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ‘நோட்டா’ வந்தது. முதலில் அது சொற்களாக மட்டுமே இருந்தது. படிக்கத் தெரியாதவருக்கு அது இருந்தும் இல்லாததுபோலத்தான். 2015இல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கிய சின்னம் சேர்க்கப்பட்டது. வடிவமைத்தவர்களின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். சூரியனை வரையலாம், இலையை வரையலாம், கையை வரையலாம். ‘இவர்களில் யாரும் இல்லை’ என்பதை எப்படி வரைவது? இல்லாத ஒன்றுக்கு உருவம் கிடையாது. ஒரு வாக்குச்சீட்டை வரைந்து அதன் குறுக்கே கறுப்புப் பெருக்கல் குறி போட்டார்கள். ‘இல்லை’ என்பது முழுக்க அந்தக் குறியில்தான் இருக்கிறது. அந்தக் குறியோ எந்தப் பொருளின் படமும் அல்ல. பள்ளியில் தவறான விடைக்கு ஆசிரியர் போட்டுப் போட்டு நாம் பழகிய வழக்கம் அது. பிரிட்டனில் வாக்காளர் தமக்குப் பிடித்தவரின் பெயருக்கு எதிரே இதே பெருக்கல் குறியைத்தான் இடுகிறார். அங்கே அது ‘இவர் வேண்டும்’. இங்கே அது ‘எவரும் வேண்டாம்’.

உருவ ஒற்றுமை இருந்தால் பொருள் தானாகவே வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு என்று காட்ட இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். நாம் வாங்கும் உணவுப் பொட்டலத்தில் பச்சைக் கட்டத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளிக்கும் காய்கறிக்கும் எந்த உருவ ஒற்றுமையும் இல்லை. ஆனாலும் அது சைவம் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். அசைவத்துக்கு முன்பு பழுப்புப் புள்ளி இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் அதை முக்கோணமாக மாற்றினார்கள். அந்த முக்கோணத்துக்கும் இறைச்சிக்கும் ஒற்றுமை இல்லை. இரண்டு குறிகளுக்கும் இடையே வேறுபாடு இருக்கிறது, அந்த வேறுபாடு போதுமானது.

இன்னொரு பக்கம், 2009 மே 31 முதல் இந்தியாவில் புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படம் கட்டாயமானபோது, மெல்லும் புகையிலைக்குத் தேர்ந்தெடுத்தது ஒரு தேளின் படம். தேள் தேளைப்போலவே இருந்தது. ஆனால் தேளுக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? கொட்டும், ஆபத்து, தொடாதே என்று வரைந்தவர்கள் எண்ணியிருப்பார்கள். புரியவில்லை என்ற விமர்சனம்தான் வந்தது. தேள் உள்ளே இருக்கிறது என்றா, இது தேள் மார்க் புகையிலை என்றா, கொட்டுவதுபோல் காரம் என்றா? அந்தப் படம் இவற்றில் எதையும் தடுக்கவில்லை. நஞ்சுக்குச் சேர்த்த உருவம் வீரியத்துக்கான விளம்பரமாகவும் நிற்கக்கூடும். 2011 இறுதியில் அதை நீக்கிவிட்டு, புற்று அரித்த வாயின் புகைப்படங்களைக் கொண்டுவந்தார்கள். பொதுமக்களின் உயிர் தொடர்பான ஓர் அறிவிப்பில் இரண்டரை ஆண்டுகள் வீணாயின என்பதே என் மதிப்பீடு. முன்கூட்டியே பத்துக் கிராமங்களில் காட்டிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இதுவரை படத்தின் குறைகளை மட்டுமே பட்டியலிட்டதுபோல் ஆகிவிட்டது. இனி அதன் செல்வத்துக்கு வருகிறேன். வாக்கியத்தால் செய்ய முடியாததைப் படம் செய்யும் இடம் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தைச் சொல்கிறேன்.

ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறை முகப்பு. நடுவில் இயற்கையாக அமைந்த ஒரு பிளவு. பிளவுக்கு இடப்பக்கம் மேலே ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறார். விலா எலும்புகள் தெரிகின்றன. அவர் எதிரே நான்கு கைகளோடு சிவபெருமான். ஒரு கை வரம் தரும் நிலையில் தாழ்ந்திருக்கிறது. சுற்றிலும் தேவர்கள், வேடர்கள், முனிவர்கள், விலங்குகள் எல்லோரும் அந்தப் பிளவை நோக்கி விரைகிறார்கள். பிளவுக்குள் நாகர்கள் மேலே எழுகிறார்கள். இவ்வளவு பெரிய சிற்பத்தில் இது இன்ன கதை என்று ஒரு வரிகூடப் பொறிக்கப்படவில்லை.

அர்ச்சுனன் தபசு என்று வழிவழியாகச் சொல்கிறோம். பாசுபதக் கணை வேண்டித் தவமிருக்கும் அர்ச்சுனன், வேடனாக வரும் சிவன். வேடர் உருவங்கள் அதற்குச் சான்று. 1914இல் விக்டர் கொலுபேவ் என்ற அறிஞர் இன்னொரு விளக்கத்தை முன்வைத்தார். தவம் செய்பவர் பகீரதன், பிளவு கங்கை இறங்கும் வழி, நாகர்கள் நீருக்கு உரியவர்கள். பாறையின் உச்சியில் நீர் தேக்கி, பிளவின் வழியே வழியவிட்டதற்கான அடையாளம் இருப்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்த்தது. நூறாண்டுகளுக்கு மேலாக இந்த விவாதம் நடக்கிறது. இரண்டு பொருளையும் சிற்பிகள் வேண்டுமென்றே ஒன்றாக வைத்தார்கள் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம். ஆனால் இங்கே நான் வற்புறுத்த விரும்புவது வேறு. ‘தவம் செய்பவன் அர்ச்சுனன்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் அந்தக் கணமே பகீரதன் வெளியேறிவிடுகிறான். சிலேடைப் பாட்டில்கூட ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து மற்றதைப் படிக்கிறோம். பாறையில் அந்தத் தவசி ஒரே நேரத்தில் இருவராகவும் நிற்கிறார், ஏனென்றால் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் கல்லுக்கு இல்லை. தேர்தல் சின்னத்தில் குறையாக இருந்த அதே தன்மை இங்கே செல்வமாகிறது.

அந்தச் சிற்பத்தின் வலப்பக்கம், பெரிய யானையின் அருகே, ஒரு பூனை இருக்கிறது. பார்வையாளர்கள் அதைக் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சற்று நின்று பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்கிறது. மேலே தவசி நிற்கும் அதே நிலை. அதைச் சுற்றி எலிகள். தவம் செய்வதாக நடித்து எலிகளை ஏமாற்றித் தின்ற பூனையின் கதை மகாபாரதத்திலேயே வருகிறது. மெய்த்தவமும் பொய்த்தவமும் ஒரே பாறையில், ஒரே உடல்நிலையில். ‘இது உண்மை, அது போலி’ என்று எந்தக் கோடும் சொல்லவில்லை. தவசியின் எதிரே இறைவன் நிற்கிறார், பூனையின் காலடியில் எலிகள் இருக்கின்றன. அவ்வளவுதான் வேறுபாடு. ஒருவர் என்ன செய்கிறார் என்பதை அவர் உடல் மட்டும் காட்டிவிடாது, அருகில் யார் இருக்கிறார்கள் என்று பார் என்கிறது சிற்பம். இல்லை, ‘என்கிறது’ என்று நான் சொல்வதே என் சொல். சிற்பம் இரண்டையும் நம் கண்முன் வைத்திருக்கிறது. முடிவு கட்டும் பொறுப்பு நமக்கு.

படத்தின் இலக்கணம் என்று ஒன்று இருக்குமானால் அது இந்த அருகருகே வைத்தலில்தான் இருக்கிறது. எழுவாய், பயனிலை அங்கே இல்லை. அளவு, இடம், திசை, அண்மை ஆகியவைதான் உண்டு. மொழி ஒன்றன்பின் ஒன்றாக வரும், படம் ஒரே வேளையில் விரியும் என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் லெஸ்ஸிங் 1766இல் தம் ‘லாவோகோன்’ நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஓவியன் கதையின் ஒரு கணத்தை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும், ஆகவே முன்னும் பின்னும் எண்ணத் தூண்டும் கணத்தை அவன் தேர வேண்டும் என்பது அவர் கருத்து. நம் கோயில்களில் கண்ணப்பரைச் செதுக்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அம்பை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோகும் கணத்தைச் செதுக்கினார்கள். கதை தெரிந்தவர் முன்னும் பின்னும் நிரப்பிக்கொள்வார். கதை தெரியாதவருக்கு ஒருவர் தம்மையே குத்திக்கொள்கிறார் என்பது மட்டும் தெரியும். தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் எடுத்த ஐராவதேசுவரர் கோயிலில், நாயன்மார் வரலாறுகளைச் சிறு சிறு சிற்பங்களாக வைத்தவர்கள் அவற்றில் பெயர்களையும் பொறித்தார்கள். மாமல்லபுரத்தில் பெயரில்லை, தாராசுரத்தில் பெயர் உண்டு. ஒன்று பல பொருளுக்கு இடம் விடுகிறது, மற்றொன்று இன்னார்தான் என்று கட்டுகிறது. இரண்டும் தெரிந்தே செய்தவை என்றுதான் நான் எண்ணுகிறேன். தொண்டர்களின் பெயர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அங்கே நோக்கமாக இருந்தால் எழுத்தில்லாமல் அது நடக்காது.

படத்தின் அருகே எழுதும் அந்த ஒரு வரிக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதற்கு நம் கைப்பேசிகளே சாட்சி. புயல் அடித்தாலும் வெள்ளம் வந்தாலும் கலவரம் நடந்தாலும், எங்கோ எப்போதோ எடுத்த புகைப்படம் ‘இன்று காலை நம் ஊரில்’ என்ற வரியோடு வந்து சேர்கிறது. புகைப்படம் பொய் சொல்லிவிட்டது என்கிறோம். அதில் இருக்கும் தண்ணீர் உண்மையான தண்ணீர், அதில் அழுபவர் உண்மையாகவே அழுதவர். பொய்யானது வரி மட்டும். படத்தின் மெய்ம்மை வரிக்குக் கடனாகப் போய்விடுகிறது. ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று அதை நம்பியவர் சொல்லும்போது, அவர் கண்ணால் பார்த்தது வெள்ளத்தை. ஊரையும் நாளையும் அவர் பார்க்கவில்லை, படித்தார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சி இல்லாததால் உயிர்கள் போயிருக்கின்றன. இல்லாத முகங்களையும் நடக்காத நிகழ்ச்சிகளையும் இப்போது கணினியே வரைந்து தருகிறது. ஆகவே படத்திலிருக்கும் தண்ணீரைக்கூட இனி ஐயுற வேண்டும். ஆனால் அடிப்படைப் பழக்கம் மாறாது: என்ன தெரிகிறது, அதைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

நம் பள்ளிகளில் இதைக் கற்பிக்க ஏற்கெனவே ஒரு வாசல் திறந்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு வினா உண்டு. ஒரு படத்தைக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். நல்ல வினா. ஆனால் எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஒரே கவிதையை மனப்பாடம் செய்து எழுதும் பழக்கம் மாணவர்களிடையே பரவிவிட்டது. படத்தைப் பார்க்காமலேயே மதிப்பெண் வாங்க முடிகிறது. பிள்ளைகள்மேல் குற்றமில்லை. பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த அவையில் பாடநூல் எழுதுவோரும், வினாத்தாள் அமைப்போரும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் இது. அந்த ஒரு வினாவை இரண்டாகப் பிரியுங்கள். படத்தில் கண்ணுக்குத் தெரிவது என்ன என்று ஒரு பகுதி. அதிலிருந்து நீ எதை ஊகிக்கிறாய், எதை வைத்து ஊகிக்கிறாய் என்று ஒரு பகுதி. முதல் பகுதிக்கு மனப்பாடம் உதவாது. இரண்டாம் பகுதியில் இரு மாணவர்கள் இரு வேறு விடை எழுதினால், காரணம் சரியாக இருக்கும் வரை இருவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். இதற்குப் புதிய பாடநூலோ கூடுதல் செலவோ தேவையில்லை. அடுத்த கல்வியாண்டின் மாதிரி வினாத்தாளிலேயே தொடங்கலாம்.